ஒன்றேகால் வயதுக் குழந்தையும் நத்தைப் புத்தகமும்

கேள்வி கேட்ட தம்பி திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்தவர். டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக் குடும்பம் ஒன்றில் பெண் எடுத்து, இப்போது அதே ஊரில் வெஸ்ட்வில் பக்கம் குடியிருக்கிறார். மகளுக்கு ஒன்றேகால் வயது. பிறந்தநாளுக்கு வந்த புத்தகங்களில் ஒன்றில் ஒரு குழந்தை வீட்டுத் தோட்டத்தில் நத்தையைப் பார்க்கிறது, அடுத்த பக்கத்தில் தன் நிழலைப் பார்க்கிறது, பிறகு தேங்கிய மழைத்தண்ணீரில் காலை வைக்கிறது. பக்கத்துக்கு ஒரு வரி. கதை என்று எதுவும் இல்லை. மகள் அதைக் கடிக்கிறாள், பின்னாலிருந்து புரட்டுகிறாள், பாதியில் மூடிவிட்டு ஓடுகிறாள். இவ்வளவு எளிய புத்தகத்தால் என்ன பயன், எந்த மொழியில் வாசிப்பது, யூடியூபில் நிஜ நத்தை ஊர்வதையே காட்டிவிடலாமே என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

தம்பி, அந்தப் புத்தகத்தை உங்கள் மகள் தன் வயதுக்கு எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படித்தான் பார்க்கிறாள். புத்தகமும் நல்ல புத்தகம்தான். பெரியவர்கள் அதைக் கையில் எடுக்கும் விதத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினால் போதும். நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, சாட்ஸ்வொர்த்தில் கிரெஷ் (குழந்தைகள் காப்பகம்) பிள்ளைகளோடு பல வருஷம் இருந்தவள். அங்கே கண்டதையும், இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதியதில் எனக்குப் பயன்பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடிப்பதைப் பற்றி முதலில். ஜூடி டிலோச் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பொருள்களின் நிஜம் போன்ற படங்களைக் காட்டினார்கள். குழந்தைகள் படத்தைத் தட்டினார்கள், சுரண்டினார்கள், பக்கத்திலிருந்து பொருளைப் பிடுங்கி எடுக்கவே முயன்றார்கள். அமெரிக்கக் குழந்தைகளும் அப்படித்தான் செய்தார்கள், படங்களை அதிகம் பார்த்திராத ஐவரி கோஸ்ட் நாட்டுக் கிராமக் குழந்தைகளும் அப்படித்தான் செய்தார்கள். பத்தொன்பது மாத வயதில் இந்தப் பிடுங்கல் பெரும்பாலும் நின்று, அதற்குப் பதிலாகப் படத்தை விரலால் சுட்டிக்காட்டும் பழக்கம் வந்திருந்தது. படத்தில் இருக்கும் நத்தையைக் கையில் எடுக்க முடியாது, அது எங்கோ இருக்கும் ஒரு நத்தையைக் காட்டுகிறது என்று புரிந்துகொள்ள ஒரு குழந்தைக்கு அத்தனை மாதம் ஆகிறது. உங்கள் மகள் அந்த வழியில் பாதித் தூரம் வந்திருக்கிறாள். ஒரு நாள் நத்தையைச் சுரண்டுவாள், மறுநாள் சுட்டுவிரலை நீட்டுவாள். இரண்டுமே அவள் படத்தோடு செய்யும் வேலை. கெட்டி அட்டைப் புத்தகமாகக் கொடுங்கள், ஈரத்துணியால் துடைத்து வையுங்கள், கிழியக்கூடியதை உயரத்தில் வையுங்கள். கடிக்கிறாளே என்று கையைத் தட்டிவிடாதீர்கள்.

பின்னாலிருந்து புரட்டுவதும் அப்படித்தான். கதை இருந்தால்தானே முதல் பக்கம், கடைசிப் பக்கம் எல்லாம்? எளிய புத்தகத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். எந்தப் பக்கத்தில் திறந்தாலும் அங்கே ஒரு முழு விஷயம் இருக்கிறது. மழைத்தண்ணீர்ப் பக்கத்தில் ஆரம்பித்து நத்தையில் நிறுத்தினாலும் குறைந்துபோவது எதுவும் இல்லை. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஓடினால் அன்றைக்கு அந்த இரண்டு நிமிஷம் போதும். பிடித்து உட்கார வைத்து முடிக்கச் செய்த புத்தகத்தைக் குழந்தை மறுநாள் எடுத்து வராது.

இனி, எப்படிச் சேர்ந்து பார்ப்பது என்பதற்கு வருகிறேன். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவளை மடியில் சற்றுப் பக்கவாட்டாக உட்கார வையுங்கள். நேராகச் சாய்த்துக்கொண்டால் உங்களுக்கு அவள் உச்சந்தலைதான் தெரியும். கண் எங்கே போகிறது என்று தெரியாது. புத்தகத்தை அவள் கையில் கொடுத்துத் திறக்கவிடுங்கள். திறந்ததும் உடனே பேசாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். நமக்கு அந்த ஐந்து நீளமாக இருக்கும்; குழந்தைக்குப் படத்தைப் பார்க்கவே அவ்வளவு நேரம் வேண்டும். நடுப்பக்கத்தில் நத்தை பெரிதாக இருக்கலாம். அவள் பார்ப்பது மூலையில் கிடக்கும் சிவப்பு வாளியாக இருக்கலாம். அப்படியானால் இன்றைக்கு அது வாளிப் பக்கம். "ஆமா, வாளி! சிவப்பு வாளி. பாப்பா குளிக்கிற வாளி மாதிரி." அவ்வளவு சொன்னால் போதும். மறுபடி பேசாமல் இருங்கள். அவள் விரல் நத்தையின் ஓட்டுக்கு வந்தால், "ஓடு. நத்தையோட ஓடு." அவள் "த்தை" என்றோ வெறும் "ஆ" என்றோ சொன்னால் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்: "ஆமாம்மா, நத்தை. மெதுவாப் போகுது." அவள் விட்ட இடத்திலிருந்து ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள், மூன்று வாக்கியம் கூட்ட வேண்டாம். அச்சிட்ட வரியை வாசிக்கவே இல்லையென்றாலும் கவலை வேண்டாம்.

இதை என் பழக்கத்தை வைத்து மட்டும் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே, கேப் டவுன் பக்கத்திலுள்ள காயலிட்ஷாவில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தின் லின் மரே, பீட்டர் கூப்பர் ஆகியோரும் ஸ்டெல்லென்போஷ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது, 2015-இல் வெளியானது. 14 முதல் 16 மாதக் குழந்தைகள், அதாவது உங்கள் மகளின் வயதே. தொண்ணூற்றொரு தாய்மாரும் வளர்ப்பவரும் சேர்ந்தார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, ஒரு பாதிக்குப் படப்புத்தகத்தைக் குழந்தையோடு எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சில வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தையின் பார்வையைத் தொடர்வது, அது காட்டுவதைப் பெயர் சொல்வது, அதன் வாழ்க்கையோடு இணைத்துப் பேசுவது, இவைதான் பாடம். பயிற்சி பெற்ற வீட்டுக் குழந்தைகளுக்குப் புரியும் சொற்கள் கூடின. ஒரே விஷயத்தில் மனதை நிறுத்தும் திறனும் நன்றாகக் கூடியது. வசதி குறைந்த, புத்தகம் அதிகம் இல்லாத வீடுகள் அவை. அந்த வேலையிலிருந்து வளர்ந்த மிகுலு டிரஸ்ட் என்ற அமைப்பு இன்றும் கேப் டவுனிலிருந்து இந்தப் பயிற்சியைப் பரப்பி வருகிறது. எழுத்தே இல்லாத படப்புத்தகங்களையும் அவர்கள் போட்டிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். நம் வீடுகளில் விருந்தாளி வந்ததும் குழந்தையை நடுவில் நிறுத்திப் புத்தகத்தைக் காட்டி, "இது என்ன? சொல்லு! இது என்ன? அங்கிளுக்குச் சொல்லிக் காட்டு!" என்று ஆரம்பித்துவிடுவோம். பெருமையில்தான் செய்கிறோம், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றேகால் வயதில் புத்தகம் பரீட்சையாக மாறிவிட்டால் குழந்தை அதை விட்டு விலகும். கிரெஷுக்கு வரும் பிள்ளைகளில் புத்தகத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் புத்தகம் இல்லாமல் இல்லை, கேள்வி அதிகம் இருந்தது. "எங்கே நத்தை?" என்று எப்போதாவது கேட்கலாம். அவள் காட்டாவிட்டால் நீங்களே காட்டிவிட்டு மேலே போங்கள்.

இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். 2021-இல் நடந்த உலக வாசிப்புத் தேர்வில் தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் படித்ததைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வாசிக்கவில்லை என்று செய்தி வந்தது. அதைப் படித்த பெற்றோர் இரண்டு வயதிலேயே ஏ, பி, சி எழுத வைக்கிறார்கள். அந்த நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தைக் கூட்டத் தெரிந்தும் பொருள் பிடிபடாமல் போவதற்கு ஒரு பெரிய காரணம், எழுத்துக்கு முன்னால் சொற்களும் பேச்சும் போதாமல் இருந்தது. மடியில் உட்கார்ந்து வாளியைக் காட்டும் வயதில்தான் அந்தப் பேச்சு சேர்கிறது.

இப்போது அன்றாடக் கண்டுபிடிப்புப் புத்தகத்துக்கு வருவோம். டைனோசர், ராக்கெட், பனிமலை என்று எத்தனையோ படப்புத்தகம் இருக்கும்போது இந்த நத்தை, நிழல், மழைத்தண்ணீர் ஏன் இந்த வயதுக்கு இவ்வளவு பொருந்துகிறது? வாசலைத் தாண்டினால் அந்த மூன்றும் அவளுக்குக் கிடைக்கும் என்பதுதான் காரணம். பட்ரிஷியா கேனியா என்ற ஆய்வாளர் 2008-இல் காட்டியது இது: 15 முதல் 18 மாதக் குழந்தைகள் புத்தகத்தில் புதிதாகக் கற்ற ஒரு பெயரை, அதே பொருளை நிஜத்தில் கண்டதும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். படம் எவ்வளவு நிஜமாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகக் கண்டுகொள்கிறார்கள். கார்ட்டூன் படமாக இருந்தால் சிரமப்படுகிறார்கள். ஆகவே புத்தகத்தை மடியோடு முடிக்காதீர்கள். தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

டர்பனைப் போல இதற்கு வசதியான ஊர் கிடைப்பது அரிது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். மழை விட்ட காலையில் செடியடியில் நத்தை இருக்கும். அதன் நான்கு கொம்புகளில் நீளமான இரண்டின் நுனியில்தான் கண். காய்ந்த புல் ஒன்றால் லேசாகத் தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும், சற்று நேரத்தில் மறுபடி நீட்டும். அவள் அதைப் பார்க்கட்டும். போன வழியில் பளபளவென்று ஒரு கோடு இருக்கும், அதையும் காட்டுங்கள். பிறகு உள்ளே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதே நத்தைப் பக்கத்தைத் திறங்கள். அப்போது அவள் முகத்தில் வருவதைப் பார்த்தால் நீங்கள் இந்தக் கேள்வியை மறுபடி கேட்க மாட்டீர்கள். நிஜ நத்தை செடிக்குள் போய்விடும். படத்து நத்தை அவளுக்காக அதே இடத்தில் இருக்கும். போய்விட்டதை மறுபடி எடுத்துப் பார்த்துப் பேச முடியும் என்பதை இந்தப் போக்குவரத்தில்தான் குழந்தை உணர்கிறது.

சொங்கலோலோ, நம் ஊர் மரவட்டை, மழைக்குப் பின் படியில் ஊர்ந்து வரும். தொட்டதும் சுருளும், கையில் எடுக்க வேண்டாம், சிலவகை எரிச்சல் தரும் திரவம் விடும். விடிந்தும் விடியாமல் ஹடேடா என்ற அரிவாள்மூக்கன் பறவை கத்திக்கொண்டு வந்து இறங்கி, நீண்ட வளைந்த அலகைப் புல்லுக்குள் குத்திப் புழுவும் பூச்சியும் தேடும். ஊரையே எழுப்பும் அந்தச் சத்தம் எந்தக் குழந்தைக்கும் பழக்கம். மைனாவும் உண்டு, நம் ஊர் மைனாவேதான். இரவில் விளக்கடியில் பல்லி. குரங்கு வந்து மாம்பழத்தை எடுத்துக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய நாள் அவளுக்கு இல்லை; ஆனால் அதை ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கட்டும்.

நிழல் பக்கத்துக்கு ஒரு விஷயம். காலை ஏழு மணிக்கு வெளியே நின்றால் அவள் நிழல் அவளைவிட நீளமாகப் படுத்திருக்கும். டிசம்பர் நண்பகலில் டர்பனில் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேலே வந்துவிடும், நிழல் காலடியில் சுருங்கிவிடும். வெயில் கடுமை, நண்பகலில் ஒரு நிமிஷம் போதும். ஏன் என்று விளக்க வேண்டாம். "நிழல் சின்னதாப் போச்சு" என்று சொன்னால் போதும். மிதிக்கப் பார்ப்பாள், ஓடிப் பார்ப்பாள். அந்த வயதில் ஆராய்ச்சி என்றால் அதுதான்.

ஐரோப்பா, அமெரிக்கா போன்ற வட அரைக்கோள நாடுகளில் அச்சாகி வரும் புத்தகங்களில் டிசம்பரில் பனி, கம்பளிக் குல்லாய், ஜூலையில் கோடை என்று இருக்கும். அவை கெட்டவை அல்ல. ஆனால் முதல் புத்தகங்கள் அவளுடைய நாளைக் காட்டட்டும். அதேபோல் சட்டை போட்டுப் பேசும் முயல்கள், சமையல் செய்யும் கரடிகள். கேனியாவின் 2014 ஆய்வில், இப்படி மனிதராக்கப்பட்ட விலங்குகளின் புத்தகத்தைப் பார்த்த சற்றுப் பெரிய பிள்ளைகள் நிஜ விலங்குகளுக்கும் மனிதக் குணங்களை ஏற்றிச் சொன்னார்கள். பஞ்சதந்திரக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அது பெரிய குற்றமாகத் தெரியாது. கதைக்கென்று ஒரு காலம் வரும். நத்தையை அறிந்துகொள்ள நத்தையாகவே இருக்கும் நத்தை வேண்டும்.

ஒரே புத்தகத்தைத் தினமும் எடுத்து வருகிறாளா? வரட்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பவும், மற்றவர்களுக்கு வேறு வேறு கதைகளையும் வாசித்தார்கள். புதுச் சொற்கள் இருவர் காதிலும் ஒரே எண்ணிக்கையில்தான் விழுந்தன. ஒரே கதையைக் கேட்டவர்கள்தான் சொற்களை அதிகம் கற்றிருந்தார்கள். நமக்குத்தான் சலிப்பு, அவளுக்கு ஒவ்வொரு தடவையும் பாதி தெரிந்தது, பாதி புதியது. ஆகவே ஐந்தாறு புத்தகம் போதும், அலமாரி நிறைய வேண்டாம்.

வாங்கும்போது பக்கத்துக்கு ஒரு படம், நெரிசல் இல்லாத படம் என்று பாருங்கள். மூடியைத் தூக்கினால் எட்டிப் பார்க்கும் பூனை, அழுத்தினால் கத்தும் பொத்தான் எல்லாம் பொம்மையாக இருக்கட்டும். குழந்தையின் கவனம் பொத்தானுக்குப் போய்விடுகிறது, படத்தில் நிற்பதில்லை. டிலோச்சின் குழு இதையும் சோதித்து அதையேதான் சொன்னது.

யூடியூப் கேள்வி. உலகச் சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு வயதுக் குழந்தைக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரமே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவரோடு புத்தகம் பார்ப்பதையும் கதை கேட்பதையும் அதே வழிகாட்டல் ஊக்குவிக்கிறது. காரணம் எளிது. திரையில் நத்தை நகர்ந்துகொண்டே இருக்கிறது; அவள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது நிற்காது, அவள் "ஆ" என்றதும் பதில் சொல்லாது. 2003-இல் பட்ரிஷியா குல் என்ற மொழி ஆய்வாளர், ஆங்கிலம் மட்டுமே கேட்ட ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவரை நேரில் உட்கார வைத்துப் புத்தகமும் பொம்மையும் காட்டிப் பேச வைத்தார். பன்னிரண்டு அமர்வில் குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியும் காதைப் பெற்றார்கள். அதே பேச்சை வீடியோவில் கேட்ட குழந்தைகளுக்கு எதுவும் ஏறவில்லை. தமிழ்ப் பாட்டு வீடியோ போட்டால் மகளுக்குத் தமிழ் வந்துவிடும் என்று நினைக்கும் எல்லா வீட்டாருக்கும் இதைச் சொல்கிறேன். திருநெல்வேலியில் இருக்கும் உங்கள் அம்மாவோடு வாட்ஸாப்பில் முகம் பார்த்துப் பேசுவது வேறு. அவர் பதில் சொல்கிறார், காத்திருக்கிறார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2016-இல் அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அந்த நத்தைப் புத்தகத்தின் இன்னொரு பிரதியை ஊருக்கு அனுப்பி வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேத்தியும் பாட்டியும் பேசலாம்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்டதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இதுதான் மனதை உறுத்துகிற விஷயம். உங்கள் வாயில் தமிழ், மனைவி வாயில் ஆங்கிலம், மாமியாருக்கு ஆங்கிலத்துக்கு நடுவே தமிழ்ச் சொற்கள். அச்சிட்ட வரி ஆங்கிலம். என் பதில்: அவரவருக்கு இயல்பாக வருகிற மொழியில் அவரவர் பார்க்கட்டும். நீங்கள் அந்தப் புத்தகத்தை முழுக்கத் தமிழிலேயே பேசுங்கள். மனைவி ஆங்கிலத்திலேயே பேசட்டும். ஒரே நத்தைக்கு இரண்டு பெயர் கேட்டால் குழந்தை குழம்பாது. அப்பா மடியில் ஒன்று, அம்மா மடியில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளும். இரண்டையும் கலந்து பேசும் காலம் ஒன்று வரும், அது குறையல்ல. அவளுக்கு எத்தனை சொல் தெரியும் என்று கணக்குப் பார்க்கும்போது இரண்டு மொழியையும் கூட்டிப் பாருங்கள்.

மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு வருத்தமாக இருந்தது: "அவருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது, அதனால் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்லிவிட்டேன்." தயவுசெய்து அதை மாற்றுங்கள். 1860 நவம்பர் 16-இல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்களும் அடுத்தடுத்த கப்பல்களில் வந்தவர்களும் கொண்டுவந்த தமிழ், கரும்புத் தோட்டத்தையும், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டம் பிடுங்கி நட்ட சாட்ஸ்வொர்த் வாழ்க்கையையும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்தையும் தாண்டி உயிரோடு எங்கே தங்கியது என்று பார்த்தால், உறவுப் பெயர்களில், அடுப்படியில், சாமி அறையில், குழந்தையைக் கொஞ்சும் பேச்சில். ஆயா, அதாவது உங்கள் மகளுக்கு அம்மா வழிப் பாட்டியான உங்கள் மாமியார், வாக்கியமாகத் தமிழ் பேசாமல் இருக்கலாம். ஆனால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், ரசம், மஞ்சள், விளக்கு, பூ, தாத்தா, மாமா, கண்ணு எல்லாம் அவரிடம் இருக்கின்றன. ஒன்றேகால் வயதுப் படப்புத்தகத்துக்கு என்ன சொல் வேண்டும்? இவைதான் வேண்டும். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; அதை நடத்திக் காட்டக்கூடியவர் ஆயாதான். புத்தகத்தை அவர் மடியில் கொடுங்கள். அவர் சொல்லும் தமிழைத் திருத்தாதீர்கள்.

மனைவிக்கும் ஆயாவுக்கும் தமிழ் எழுத்து படிக்க வராது என்றால், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் சின்னக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டுங்கள். கீழே தமிழ் எழுத்திலும் எழுதுங்கள். விருப்பப்படும் நாளில் அவர்களும் சொல்லிப் பார்ப்பார்கள்.

எங்கே கிடைக்கும் என்றால்: கடையில் கெட்டி அட்டைப் புத்தகம் விலை அதிகம்தான், இந்த நாட்டில் புத்தகத்துக்கும் 15 சதவீத வரி உண்டு. சாட்ஸ்வொர்த்திலும் மற்றப் புறநகர்களிலும் இருக்கும் நகராட்சி நூலகங்களில் குழந்தைகள் பகுதிக்குப் போங்கள், மகளையும் தூக்கிக்கொண்டு போங்கள், அவளே எடுக்கட்டும். கேப் டவுனில் 2014-இல் தொடங்கிய புக் டாஷ் என்ற அமைப்பில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் தொகுப்பாளர்களும் தன்னார்வமாக ஒரே நாளில் உட்கார்ந்து ஒரு படப்புத்தகத்தை உருவாக்குகிறார்கள். அதை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். ஐந்து வயதுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக நூறு புத்தகம் என்பது அவர்கள் கனவு. படங்களில் இருப்பது நம் தெரு, நம் வெயில், நம் நாட்டுப் பிள்ளைகள். தமிழ் வரியை நீங்களே எழுதி ஒட்டிக்கொள்ளலாம், அனுமதி உண்டு. தமிழிலேயே வேண்டுமென்றால் இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னைத் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் புத்தகங்களைப் போடுகிறது. உங்கள் வீட்டுக்கு அது மிகவும் பொருந்தும், ஊருக்குப் போகும்போது வாங்கி வாருங்கள். இறக்கியவற்றைத் தொலைபேசியில் காட்டாமல் அச்செடுத்துத் தைத்துக் கொடுங்கள்.

நான் முதலில் செய்யச் சொல்வது வீட்டுப் புத்தகம். படம் வைக்கும் சின்ன ஆல்பம் ஒன்று வாங்குங்கள், பை பையாக இருக்கும் வகை. உங்கள் தொலைபேசியிலேயே எடுங்கள்: வீட்டு வாசல் கேட், கறிவேப்பிலைச் செடி, புல்லில் நிற்கும் ஹடேடா, குப்பை வண்டி, அவள் செருப்பு, ஆயா கையில் சாம்பார்க் கரண்டி, நீங்கள் சேர்ந்து பார்த்த அந்த நத்தை. பக்கத்துக்கு ஒரு படம், பின்னணி குழப்பம் இல்லாமல், குழந்தையின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுத்தது. பத்துப் படம் போதும். மாதம் ஒரு தடவை இரண்டு படத்தை மாற்றுங்கள். இதைவிட நிஜமான படம் எந்தக் கடையிலும் கிடைக்காது, இதைவிட அவளுக்குப் பேச்சு வரவைக்கும் புத்தகமும் நான் கண்டதில்லை.

இரண்டு வயதை நெருங்கும்போது பேச்சின் போக்கு மாறும். அப்போது திறந்த கேள்விகள் கேட்கலாம்: "நத்தை எங்கே போகுது?" "மழை வந்தா என்ன ஆகும்?" அமெரிக்காவில் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988-இல் இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்படிக் கேட்கவும், பதிலை நீட்டிச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார், ஒரு மாதத்திலேயே பேச்சில் வித்தியாசம் தெரிந்தது. அதற்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. இப்போதைக்குப் பெயர் சொல்வதும் காத்திருப்பதும்.

கிளினிக்கில் கொடுத்த 'ரோட் டு ஹெல்த்' என்ற குழந்தை உடல்நலக் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். 2018-இல் புதுப்பித்ததில் ஊட்டச்சத்து, தடுப்பூசி ஆகியவற்றுக்குச் சமமாக அன்பு, விளையாட்டு, பேச்சு என்று ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்கள். எந்த வயதில் என்ன செய்வாள் என்ற பட்டியலும் அதில் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறாள், சத்தத்துக்கு அசையவில்லை, ஒன்றரை வயதாகியும் எதையும் விரலால் சுட்டி உங்களுக்குக் காட்டவில்லை என்றால் புத்தகத்தைக் குறை சொல்லாமல் காதைப் பரிசோதிக்கக் கேளுங்கள். வளர வளரச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. எப்படியும் 18 மாதத்தில் தடுப்பூசித் தவணை வருகிறது. அன்றைக்கு இந்தப் பட்டியலை நர்ஸோடு உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.